ஊர் சேர்ந்து தயாராவது எப்படி? காலநிலை மாற்றத்தை எதிர்கொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

1995 ஜூலையில் அமெரிக்காவின் சிகாகோ நகரத்தில் கடுமையான வெப்ப அலை வீசியது. அந்தச் சில நாட்களில் வழக்கத்தைவிட 739 பேர் கூடுதலாக இறந்தார்கள். அவர்களில் தனியாக வசித்த முதியவர்கள் ஏராளம். எரிக் கிளினென்பெர்க் என்ற சமூகவியலாளர் பிறகு இந்த மரணங்களை வட்டாரம் வட்டாரமாக ஆராய்ந்தார். வடக்கு லான்டேல், தெற்கு லான்டேல் என்று இரண்டு பகுதிகள். பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை. வறுமையும் தனியாக வாழும் முதியவர்களின் விகிதமும் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்று. அடித்த வெயிலும் ஒன்றுதான். ஆனால் வடக்கில் ஒரு லட்சம் பேருக்கு 40 பேர் இறந்தார்கள், தெற்கில் 4 பேர். தெற்கில் கடைகள் திறந்திருந்தன, தெருவில் எப்போதும் ஆள் நடமாட்டம் இருந்தது, முதியவர்கள் வெளியே வரத் தயங்கவில்லை. வடக்கில் காலி மனைகள், மூடிய கடைகள், கதவைத் திறக்கவே பயந்த மனிதர்கள்.

இந்தப் பத்து மடங்கு வித்தியாசம்தான் இந்த வழிகாட்டிக்குக் காரணம். ஆபத்து வந்த முதல் சில மணி நேரத்தில் மீட்புப் படை வந்து சேராது, பக்கத்து வீட்டுக்காரர்தான் வருவார். அவர் வருவாரா, யாரிடம் வருவார், எப்போது வருவார் என்பதை முன்கூட்டியே பேசி முடிவு செய்வதற்குப் பெயர்தான் சமூகத் தாங்குதிறன். தடுப்புச்சுவர், வடிகால், மரம் நடுதல் எல்லாமே வேண்டும். ஆனால் "யார், யாரை, எப்போது" என்ற மூன்று கேள்விக்கும் பதில் இல்லாத ஊரில் அவை பாதி வேலைதான் செய்யும்.

பழைய அனுபவம் மட்டும் ஏன் போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தொழிற்புரட்சிக்கு முந்தைய காலத்தோடு ஒப்பிட்டால் 2011 முதல் 2020 வரையிலான பத்தாண்டுகளில் பூமியின் சராசரி வெப்பநிலை சுமார் 1.1 டிகிரி செல்சியஸ் கூடியிருந்தது. காற்று ஒரு டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். அதனால் பெய்யும்போது கொட்டித் தீர்க்கிறது. பெய்யாத இடைவெளியில் மண்ணிலிருந்து ஈரத்தையும் வேகமாக உறிஞ்சிவிடுகிறது. "எங்கள் தாத்தா காலத்தில் தண்ணீர் இந்தப் படியைத் தாண்டியதே இல்லை" என்ற பேச்சை நம்பி இருந்தவர்கள்தான் இப்போது அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். தாத்தாவின் நினைவு தேவைதான், ஆனால் அந்தப் படிக்கு மேலே இன்னும் இரண்டு படிக்குத் திட்டம் வேண்டும்.

படி 1: ஐந்தாறு பேரோடு தொடங்குங்கள்

முதல் நாளே ஊரைக் கூட்ட வேண்டாம். ஐந்தாறு பேர் போதும். பதவியைப் பார்த்து ஆள் சேர்ப்பதைவிட, மற்றவர்கள் ஏற்கெனவே நம்பிப் போகிறவர்களைப் பாருங்கள். நள்ளிரவில் கூப்பிட்டாலும் வரும் செவிலியர், எல்லா வீட்டுப் பிள்ளைகளையும் பெயர் சொல்லி அழைக்கும் ஆசிரியர், மின் இணைப்பு வேலை தெரிந்தவர், தெருக்குழாய் எப்போது திறக்கும் என்று அறிந்த பெண், வண்டி ஓட்டும் இளைஞர் என்று ஒரு கலவையாக அமைவது நல்லது. ஏற்கெனவே நன்றாக இயங்கும் சுய உதவிக் குழுவோ குடியிருப்போர் சங்கமோ விவசாயிகள் குழுவோ இருந்தால் அதிலேயே இந்த வேலையையும் சேர்த்துவிடுங்கள். புதிதாக ஒரு சங்கம் தொடங்கினால் முதல் மூன்று மாதம் தலைவர் யார் என்பதிலேயே போய்விடும்.

இந்த ஐந்தாறு பேரும் ஒரே தெரு, ஒரே கட்சி, ஒரே சமூகம் என்று இருந்தால் அது ஒரு நட்பு வட்டம், அவ்வளவுதான். பேரிடர் வரும்போது ஒருவரை ஒருவர் நம்பாத இரண்டு பகுதிகளுக்கு நடுவில் பாலமாக யார் இருப்பார் என்பதை முதலிலேயே யோசியுங்கள். வாடகைக்கு இருப்பவர்கள், வெளியூரிலிருந்து வேலைக்கு வந்து தங்கியிருப்பவர்கள், வேறு மொழி பேசுபவர்கள் ஆகியோர் எந்தச் சங்கத்தின் பட்டியலிலும் இருக்க மாட்டார்கள். பெரும்பாலும் தாழ்வான, மலிவான இடத்தில் குடியிருப்பதும் அவர்கள்தான். அவர்களில் ஒருவராவது முதல் கூட்டத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

முதல் கூட்டத்தில் காலநிலை மாற்றம் பற்றிச் சொற்பொழிவு வேண்டாம். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "போன தடவை தண்ணீர் வந்தபோது உங்களை முதலில் வந்து பார்த்தது யார்?" வறட்சியானாலும் வெயிலானாலும் அதற்கேற்ப இதே கேள்விதான். ஒவ்வொருவரும் ஒரு பெயர் சொல்வார்கள். சிலர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "யாரும் வரவில்லை" என்பார்கள். அந்த இடத்தில் கூட்டம் சற்று அமைதியாகும். உங்கள் வேலை எந்த வீட்டிலிருந்து தொடங்க வேண்டும் என்பது அப்போதே தெரிந்துவிடும்.

படி 2: தரையில் வரைபடம் போடுங்கள்

இந்தப் படிக்குத்தான் நேரம் அதிகம் செலவிட வேண்டும். கணினி வரைபடம் பிறகு வரட்டும். முதலில் ஒரு பெரிய தாளோ சுண்ணக்கட்டியால் கோடு போட்ட சிமெண்ட் தரையோ போதும். எல்லோரும் சுற்றி நிற்கட்டும். முதலில் தெருக்கள், பிறகு வாய்க்கால், குளம், பாலம், பள்ளி. அப்புறம் ஒரு நீலச் சுண்ணக்கட்டியை வயதான ஒருவர் கையில் கொடுத்து, தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வந்தது, எங்கே தேங்கியது என்று வரையச் சொல்லுங்கள்.

அவர் வரையும்போது மற்றவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். "அங்கே இல்லை, சிறுபாலத்தில் குப்பை அடைத்து இந்தப் பக்கம் திரும்பிவிட்டது" என்று ஒருவர் சொல்வார். "பள்ளிக்குப் போகிற வழிதான் முதலில் மூழ்கும்" என்று ஒரு சிறுமி சொல்வாள். இந்தச் சின்னச் சின்னத் திருத்தங்களை விடாமல் குறித்துக்கொள்ளுங்கள். தங்கும் இடமாக எல்லோரும் நினைத்திருந்த பள்ளிக்குப் போகும் பாதையே முதலில் மூழ்கும் என்பது, தரையில் உட்கார்ந்து வரையும்வரை பெரியவர்கள் யாருக்கும் உறைத்திருக்காது.

வரைபடத்தில் இரண்டு அடுக்கு வேண்டும். ஒன்று ஆபத்து: தாழ்வான இடம், அடைபடும் சிறுபாலம், தொங்கும் மின்கம்பி, தகரக் கூரையால் கொதிக்கும் வீடுகள், முதலில் வற்றும் கிணறு. இன்னொன்று பலம்: மாடி வீடு, அந்த மாடிக்குச் சாவி யாரிடம் இருக்கிறது, ஜெனரேட்டர், படகு, டிராக்டர், கைப்பம்பு, ஆழமான கிணறு, நிழல் தரும் பெரிய மரங்கள், கழிப்பறை வசதியுள்ள பொதுக் கட்டடம். பல ஊர்களில் முதல் அடுக்கை மட்டும் போட்டுவிட்டுக் கவலையோடு கலைந்துவிடுகிறார்கள். இரண்டாவது அடுக்கை வரையும்போதுதான் முகங்கள் மாறும், "எங்கள் வீட்டு மாடியில் முப்பது பேர் தங்கலாமே" என்று பேச்சு வரும்.

அடுத்து, ஆட்கள். நடக்க முடியாதவர், கண் தெரியாதவர், நிறைமாதக் கர்ப்பிணி, கைக்குழந்தை உள்ள வீடு, தனியாக வாழும் முதியவர். இவற்றோடு பலரும் மறந்துவிடும் ஒரு வகை இருக்கிறது: மின்சாரத்தை நம்பி உயிர் வாழ்பவர்கள். ஆக்சிஜன் கருவி வைத்திருப்பவர், இன்சுலினைக் குளிரில் வைத்திருக்க வேண்டியவர், வாரம் இருமுறையோ மும்முறையோ டயாலிசிஸுக்குப் போக வேண்டியவர். மழை நின்ற பிறகும் மூன்று நாள் மின்சாரம் இல்லை என்றால் ஆபத்து இவர்களுக்குத்தான்.

இந்தப் பட்டியலை எடுக்கும்போது ஒவ்வொருவரிடமும் அனுமதி கேளுங்கள். தனியாக இருக்கும் ஒரு மூதாட்டியின் பெயரும் வீட்டு எண்ணும் இருநூறு பேர் உள்ள வாட்ஸ்அப் குழுவில் சுற்றுவது அவருக்குப் பாதுகாப்பு இல்லை. காகிதத்தில் இரண்டு பிரதி, பொறுப்பான இரண்டு பேரிடம், தண்ணீர் புகாத உறையில். அது போதும்.

வரைபடம் முடிந்த அடுத்த வாரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு நடந்து பாருங்கள், முடிந்தால் மழை பெய்யும்போதே. வெயிலுக்கான வரைபடம் என்றால் பிற்பகல் 2 மணிக்கு நடக்க வேண்டும். பேருந்து நிறுத்தத்தில் நிழல் இருக்கிறதா என்பது காலை 8 மணிக்குப் போனால் தெரியாது.

படி 3: எந்த ஆபத்து முதலில்?

இதில் அதிக நேரம் வேண்டாம். எது அடிக்கடி வருகிறது, எது அதிக உயிரை எடுக்கும், எதில் நம்மால் ஏதாவது செய்ய முடியும் என்ற மூன்றையும் வைத்து முதல் ஆண்டுக்கு ஒன்று அல்லது இரண்டு ஆபத்துகளைத் தேர்ந்தெடுங்கள். எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. வெயிலை விட்டுவிடாதீர்கள். வெள்ளமும் புயலும் கண்ணுக்குத் தெரியும். வெப்பம் கதவுக்குப் பின்னால் சத்தமில்லாமல் கொல்லும், மரணச் சான்றிதழில் பெரும்பாலும் இதயம் என்றோ சிறுநீரகம் என்றோதான் எழுதப்படும். 2010 மே மாதத்தில் அகமதாபாத்தில் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்தார்கள். அந்த அதிர்ச்சியில் பிறந்த திட்டம்தான் 2013-இல் அந்த நகரம் கொண்டுவந்த வெப்பச் செயல்திட்டம். முன்னறிவிப்பில் வெப்பநிலை குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் நிற எச்சரிக்கை போகும், மருத்துவமனைகள் தயாராகும், குடிநீர் மையங்கள் திறக்கப்படும், வெளியில் வேலை செய்பவர்களுக்குச் செய்தி போகும். பெரிய தொழில்நுட்பம் எதுவும் இல்லை. எந்த அளவு வந்தால் யார் என்ன செய்வது என்று எழுதி வைத்தார்கள்.

படி 4: யார், யாரை, எப்போது

வங்கதேசத்தின் கதையை இங்கே சொல்ல வேண்டும். 1970 நவம்பரில் போலா புயல் அந்தக் கரையில் 3 லட்சம் பேருக்கு மேல் பலி கொண்டது. புயல் வருவது வானிலை ஆய்வாளர்களுக்குத் தெரிந்திருந்தது, ஆனால் செய்தி கடைசி வீடு வரை போகவில்லை. 1972-இல் செஞ்சிலுவை இயக்கமும் அரசும் சேர்ந்து புயல் ஆயத்தத் திட்டத்தைத் தொடங்கின. ஊர்க்காரர்களே தன்னார்வலர்கள். கொடி ஏற்றுவது, கையில் ஒலிபெருக்கியோடு தெருத் தெருவாகப் போவது, முதியவர்களைத் தூக்கிக்கொண்டு புயல் காப்பகத்துக்கு நடப்பது இவர்கள் வேலை.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. 1991 புயலில் மறுபடியும் ஏறத்தாழ 1,38,000 பேர் இறந்தார்கள். எச்சரிக்கை போயிருந்தது. ஆனால் காப்பகங்கள் போதவில்லை. இறந்தவர்களில் பெண்கள் மிக அதிகம்: கணவர் வந்து சொல்லட்டும் என்று காத்திருந்தவர்கள், ஆண்கள் நிறைந்த காப்பகத்துக்குப் போகக் கூசியவர்கள், ஆடு மாட்டை விட்டு வர மனமில்லாதவர்கள். அதன் பிறகு காப்பகங்கள் பெருகின, பெண்களுக்குத் தனி அறை வந்தது, பெண் தன்னார்வலர்கள் வந்தார்கள். இன்று 76,000-க்கும் மேற்பட்ட தன்னார்வலர்களில் பாதிப் பேர் பெண்கள். 2007-இல் சித்ர் புயலில் இறந்தவர்கள் சுமார் 3,400 பேர், 2020-இல் ஆம்பன் புயலில் வங்கதேசத்தில் சில பத்துப் பேர். புயல்கள் ஒன்றுக்கொன்று சமமில்லை, ஆனாலும் இந்தச் சரிவு தற்செயலாக வந்ததில்லை.

உங்கள் ஊருக்கு இதை இப்படிக் கொண்டுவரலாம். உதவி தேவைப்படும் ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு பேரை இணையுங்கள். ஒருவர் வெளியூர் போயிருந்தால் இன்னொருவர் இருப்பார். இணைக்கப்பட்டவர் ஐந்து நிமிட நடை தூரத்துக்குள் இருக்க வேண்டும். பிறகு அவர்கள் அந்த வீட்டுக்கு ஒருமுறை நேரில் போய் உட்கார்ந்து பேச வேண்டும். மருந்து எங்கே இருக்கிறது, வீட்டுச் சாவி யாரிடம் இருக்கிறது, சக்கர நாற்காலி எந்தக் கதவு வழியாக வெளியே வரும் என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும்.

"எப்போது" என்பதற்கு ஒரு தெளிவான அடையாளம் வையுங்கள். ஆற்றுப் பாலத்தின் தூணில் மஞ்சள், சிவப்பு என்று இரண்டு கோடு. மஞ்சளைத் தொட்டால் இணைக்கப்பட்டவர்கள் வீடுகளுக்குப் போக வேண்டும், சிவப்பைத் தொடும் முன் தாழ்வான தெரு காலியாக வேண்டும். வெயிலுக்கு வானிலைத் துறையின் நிற எச்சரிக்கையையே எடுத்துக்கொள்ளலாம். அந்த நேரத்தில் கூட்டம் போட்டு முடிவெடுக்கக் கூடாது, முடிவு ஏற்கெனவே எடுத்திருக்க வேண்டும். இன்னொன்றையும் எழுதி வையுங்கள்: வெளியேறிய பிறகு வெள்ளம் வராமல் போனால் யாரும் யாரையும் குறை சொல்லக் கூடாது. ஒருமுறை ஏளனம் செய்யப்பட்ட தன்னார்வலர் அடுத்த முறை ஒரு மணி நேரம் தாமதமாகத்தான் கதவைத் தட்டுவார்.

எச்சரிக்கைச் செய்தியை எப்படி எழுதுவது என்பதில் உயிர் இருக்கிறது. "கனமழைக்கு வாய்ப்புள்ளதால் பொதுமக்கள் எச்சரிக்கையுடன் இருக்கவும்" என்று ஒரு செய்தி. படித்தவர் என்ன செய்வார்? ஜன்னலைச் சாத்துவார். இதைப் பாருங்கள்: "வாய்க்கால் ஓரத் தெருவில் இருப்பவர்கள் மாலை 5 மணிக்குள் பள்ளி மாடிக்கு வந்துவிடுங்கள். வடக்கு வாசல் திறந்திருக்கிறது. மருந்து, அடையாள அட்டை, ஒரு மாற்றுத்துணி போதும். உதவி வேண்டுமென்றால் வாசலில் வெள்ளைத் துணி கட்டுங்கள், ஆள் வருவோம்." யார், எங்கே, எதற்குள், எதோடு, முடியாவிட்டால் என்ன என்ற ஐந்தும் இருக்கின்றன. மழைக்காலம் தொடங்கும் முன்பே இப்படி நான்கைந்து செய்திகளை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், நேரத்தை மட்டும் அன்று மாற்றினால் போதும். ஊரில் பேசப்படும் மற்ற மொழிகளிலும் எழுதுங்கள்.

கைபேசிக் கோபுரம் விழுந்துவிடும் என்று எடுத்துக்கொண்டே செய்தி போகும் சங்கிலியை அமைத்துக்கொள்ளுங்கள். ஒலிபெருக்கி, மணி, விசில், கொடி, கடைசியாகக் கால். அடுத்தது, எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டிய சில: ஓடும் தண்ணீர் 15 சென்டிமீட்டர் ஆழம் இருந்தாலே வளர்ந்த ஆளைத் தள்ளிவிடும், 30 சென்டிமீட்டர் பல கார்களை மிதக்க வைத்துவிடும். வெயிலில் ஒருவர் குழறிப் பேசினாலோ, உடல் நெருப்பாகக் கொதித்து நினைவு தடுமாறினாலோ அது வெப்பத் தாக்கு. ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, அது வரும்வரை காத்திராமல் நிழலுக்குக் கொண்டுபோய் உடல் முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவில்லாதவரின் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

படி 5: இருப்பதைக் கணக்கெடுத்துப் பொதுவில் வையுங்கள்

நிவாரணத் தரநிலைகளில் ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குடிக்க, சமைக்க, கழுவ எல்லாம் சேர்த்துக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர் என்று வைத்திருக்கிறார்கள். 200 பேர் மூன்று நாள் தங்கினால் 9,000 லிட்டர். உங்கள் பள்ளிக் கட்டடத்தின் தொட்டி எத்தனை லிட்டர்? இன்றைக்கே போய்ப் பாருங்கள். வறட்சிப் பகுதி என்றால் கூரையைக் கணக்கிடுங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு லிட்டர். 100 சதுர மீட்டர் கூரையில் 20 மில்லிமீட்டர் பெய்தால் 2,000 லிட்டர், சிந்திச் சிதறியது போக 1,600 லிட்டராவது கைக்கு வரும்.

படகு, ஜெனரேட்டர், டிராக்டர், பம்பு ஆகியவற்றின் உரிமையாளர்களோடு வாய்ப்பேச்சாக நிறுத்தாமல் ஒரு பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். எரிபொருள் யார் செலவு, பழுதானால் யார் சரி செய்வது, அவர் இல்லாதபோது ஓட்டத் தெரிந்தவர் யார் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். ஜெனரேட்டரைக் கட்டடத்துக்குள் வைத்து ஓட்டவே கூடாது, அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் கொன்றுவிடும். பொது நிதி சிறியதாக இருந்தாலும் இரண்டு பேர் கையெழுத்து, மாதம் ஒருமுறை கணக்கு எல்லோரும் பார்க்கும் பலகையில். பணத்தில் ஒரு சந்தேகம் எழுந்தால் மற்ற எல்லா வேலையும் அதோடு நின்றுவிடும்.

உங்கள் எல்லைக்கு வெளியே இருக்கும் உதவியையும் எண்ணுங்கள். 2018 கேரள வெள்ளத்தில் சுமார் 4,500 மீனவர்கள் 669 படகுகளைக் கொண்டுவந்து 65,000-க்கும் மேற்பட்டவர்களை மீட்டார்கள். கடலில் ஓடிய படகுகள் லாரிகளில் ஏறி உள்நாட்டுத் தெருக்களுக்கு வந்தன. அப்படி வெளியிலிருந்து வருபவருக்கு உங்கள் தெரு தெரியாது. தண்ணீருக்கு அடியில் எங்கே மதில், எங்கே கிணறு, எந்த வீட்டில் ஆள் இருக்கிறார்கள் என்று சொல்லப் படகுக்கு ஒரு உள்ளூர் வழிகாட்டி வேண்டும். அந்த வழிகாட்டிகளை இப்போதே குறித்து வையுங்கள்.

படி 6: அரசோடும் பக்கத்து ஊரோடும்

மக்கள் தாங்களாகவே தயாராவதால் அரசின் கடமை குறைந்துவிடாது. இதை உறுதியாகச் சொல்கிறேன், ஏனென்றால் "சமூகப் பங்களிப்பு" என்ற பெயரில் ஏழைகளின் தலையில் எல்லாச் சுமையையும் இறக்கிவிடுவது நடக்கிறது. வடிகால், மருத்துவமனை, முன்னறிவிப்பு, இழப்பீடு எல்லாம் அரசு செய்ய வேண்டியவை. உங்கள் வரைபடம் அங்கே பேரம் பேசும் கருவி. "எங்கள் பகுதியில் வெள்ளம் வருகிறது" என்ற மனு கோப்பில் தூங்கும். "இந்தச் சிறுபாலத்தின் அகலம் போதவில்லை, மூன்று மழையிலும் தண்ணீர் இந்த 42 வீடுகளுக்குள் திரும்பியது, இதோ தேதி, இதோ படம்" என்ற ஒரு பக்கக் கடிதத்தைப் பொறியாளர் ஒதுக்கி வைப்பது கடினம். உள்ளாட்சி வரவு செலவுத் திட்டம் தயாராகும் மாதத்தைத் தெரிந்துகொண்டு அதற்கு முன் கொடுங்கள். அங்கே நல்ல அதிகாரி ஒருவர் கிடைத்தால் ஒத்திகைக்கு அழையுங்கள். இடமாற்றம் ஆகிப் போனாலும் அடுத்தவரிடம் உங்களைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போவார்.

பக்கத்து ஊர் விஷயம் இதைவிட நுட்பமானது. நீங்கள் கரையை உயர்த்தினால் அந்தத் தண்ணீர் எங்கேயாவது போக வேண்டும், பெரும்பாலும் எதிர்க்கரையில் இருப்பவரின் வீட்டுக்குத்தான். மேலே மதகு திறப்பவர் கீழே இருப்பவருக்குச் சொல்லாவிட்டால் நள்ளிரவில் வெள்ளம். நெதர்லாந்தில் இந்தச் சிக்கலை 13-ஆம் நூற்றாண்டிலேயே எதிர்கொண்டார்கள். கரையை யார் பராமரிப்பது, யார் எவ்வளவு செலவு கொடுப்பது என்று முடிவு செய்யத் தண்ணீர் வாரியங்களை அமைத்தார்கள். இன்றும் 21 வாரியங்கள் இருக்கின்றன, மக்கள் ஓட்டுப் போட்டு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள், வாரியம் தன் வரியைத் தானே வசூலிக்கிறது. அவ்வளவு பெரிதாக வேண்டாம். மேல் ஊரில் ஒருவர், கீழ் ஊரில் ஒருவர், இருவரின் எண்ணும் இருவரிடமும், மதகு திறப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பு ஒரு அழைப்பு. இதற்குச் செலவே இல்லை.

படி 7: மண்ணையும் நீரையும் சேர்ந்து காப்பது

மேலே சொன்னவை உயிரைக் காக்கும். வாழ்வாதாரத்தைக் காக்க ஆண்டுக்கணக்கில் வேலை வேண்டும். நைஜர் நாட்டில் 1980-களில் தொடங்கி விவசாயிகள் ஒரு எளிய வேலை செய்தார்கள். வெட்டப்பட்ட மரங்களின் வேர்க்கட்டைகள் மண்ணுக்கடியில் உயிரோடுதான் இருந்தன. அவற்றிலிருந்து வரும் துளிர்களில் நல்லதைத் தேர்ந்து, மற்றதைக் கவாத்து செய்து வளரவிட்டார்கள். சுமார் 50 லட்சம் ஹெக்டேர் நிலம் மறுபடி மரம் கண்டது. கன்று நட்டு அல்ல, இருப்பதை வெட்டாமல் விட்டு. இதில் கவனிக்க வேண்டியது ஒப்பந்தம்தான். மரம் அரசுக்குச் சொந்தம் என்று இருந்தவரை யாருக்கும் அதைக் காக்க அக்கறை இல்லை. தன் வயல் மரம் தனக்குப் பயன்படும், அடுத்தவர் மரத்தை வெட்டினால் ஊர் கேட்கும் என்று ஆனபோதுதான் அது நின்றது.

பொதுவான நீர், காடு, மேய்ச்சல் நிலம் ஆகியவற்றை ஊர்க்காரர்களே நீண்டகாலம் காப்பாற்ற முடியும் என்பதை ஆராய்ந்து காட்டிய எலினோர் ஆஸ்ட்ராம் 2009-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றார். அவர் கண்டவற்றில் மூன்றை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: விதிக்குக் கட்டுப்படுபவர்களே அந்த விதியை எழுத வேண்டும். கண்காணிப்பவர் அந்தச் சமூகத்துக்குப் பதில் சொல்பவராக இருக்க வேண்டும். முதல் தவறுக்குச் சிறிய தண்டனை, திரும்பத் திரும்பச் செய்தால் பெரியது. வறட்சிக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். குளத்தில் பாதித் தண்ணீர்தான் இருக்கிறது என்றால் எந்தப் பயிருக்கு எத்தனை நாள், குடிநீருக்கு எந்த மட்டத்துக்குக் கீழே யாரும் பம்பு வைக்கக் கூடாது என்ற விதியைக் குளம் நிரம்பியிருக்கும்போதே எழுதுங்கள். வற்றிய பிறகு எழுத உட்கார்ந்தால் சண்டைதான்.

படி 8: ஒத்திகை

ஆண்டுக்கு இரண்டு முறை. ஒன்று பகலில், ஒன்று இருட்டில், கைபேசி இல்லாமல். மணி அடித்ததிலிருந்து கடைசி வீட்டுக்காரர் தங்கும் இடத்துக்கு வரும்வரை எத்தனை நிமிடம் என்று குறியுங்கள். முதல் ஒத்திகை குழப்பமாகத்தான் இருக்கும். பள்ளிச் சாவி வைத்திருந்தவர் திருமணத்துக்குப் போயிருப்பார். ஒலிபெருக்கியில் பேட்டரி இருக்காது. சக்கர நாற்காலி படியில் ஏறாது. இதையெல்லாம் கண்டுபிடிக்கத்தான் ஒத்திகை, அதனால் மனம் தளர வேண்டாம். அன்றே உட்கார்ந்து தவறியவற்றை எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரும் ஒரு தேதியும் போடுங்கள். படிக்குச் சாய்தளம் போடுவது போன்ற ஒரு வேலையாவது அந்த வாரத்துக்குள் முடிந்துவிட வேண்டும். முடிந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் அடுத்த முறையும் வருவார்கள்.

பிள்ளைகளுக்குத் தனி வேலை கொடுங்கள். மழைமானியை தினமும் படித்துப் பலகையில் எழுதுவது அவர்கள் பொறுப்பு என்றால், மழை கூடும் நாளில் முதலில் ஓடி வருபவர்கள் அவர்களாகத்தான் இருப்பார்கள்.

படி 9: நடந்து முடிந்த பிறகும், நடக்காத ஆண்டுகளிலும்

தண்ணீர் வடிந்த முதல் வாரத்தில் அது தொட்ட உயரத்தைச் சுவர்களில் வண்ணத்தால் கோடு போட்டு ஆண்டை எழுதுங்கள். அடுத்து வீடு கட்டுபவருக்கு அதைவிடத் தெளிவான அறிவுரை இல்லை. இழப்பைப் படம் எடுத்துப் பதிவு செய்ய ஒரு சிறு குழு, மனு எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதித் தர ஒரு சிறு குழு. தன்னார்வலர்களையும் கவனியுங்கள். பத்து நாள் தூங்காமல் உழைத்தவர் பதினோராம் நாள் உடைந்து போவார். முறை வைத்து ஓய்வு கொடுக்க வேண்டும், அவர் வீட்டுச் சேற்றை அள்ளவும் நான்கு பேர் போக வேண்டும்.

ஒன்றுமே நடக்காத ஆண்டுகள்தான் குழுவுக்கு உண்மையான சோதனை. ஆபத்துக்காக மட்டும் கூடும் குழு இரண்டு ஆண்டில் கலைந்துவிடும். வாய்க்கால் தூர்வாருவது, பொதுத் தொட்டியைச் சுத்தம் செய்வது, முதியவர்களுக்கு மாதம் ஒருமுறை ரத்த அழுத்தம் பார்ப்பது என்று அன்றாடம் பயன்படும் ஏதாவது ஒன்றை அதோடு கட்டிவிடுங்கள். பொறுப்பாளர்கள் ஆண்டுதோறும் மாறட்டும். ஒருவரே பத்து ஆண்டு தாங்கினால் அவர் ஊரைவிட்டுப் போகும் நாளில் திட்டமும் போய்விடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, மழைக்காலத்துக்கு முன்பும் கோடைக்கு முன்பும், அந்த இரண்டு பிரதிப் பட்டியலை எடுத்து வீடு வீடாகப் போய்ச் சரிபாருங்கள். யார் இறந்துவிட்டார், யார் புதிதாகக் குடிவந்தார், எந்த வீட்டில் குழந்தை பிறந்தது. புதிதாக வந்த வீட்டுக் கதவைத் தட்டிப் பெயர் கேட்டு எழுதிக்கொண்டு, அவர்களுக்கு இணையாக வரப்போகும் இரண்டு பேரையும் அப்போதே அழைத்துப்போய் அறிமுகம் செய்துவிடுங்கள்.